ராகு காலமும் ஆயில் பம்பும்

இந்த வாரக் கட்டுரைக்குள் ஒரு குற்ற ஒப்புதல் இருக்கிறது. எந்தப் பாராவில் என்று தேடிக்கொண்டு கடைசிக்குத் தாவாதீர்கள். அவசரம்தான் இந்தக் கதையின் வில்லனே.

என் அப்பாவிடம் ஒரு புல்லட் இருந்தது. 1974 மாடல், கறுப்பு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 'கணக்கு வாத்தியாருக்கு சைக்கிள் போதாதா, புல்லட் எதுக்கு?' என்று திருநகரில் பலர் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறார்கள். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. மூன்று தெரு தள்ளி அந்த 'டப்... டப்...' கேட்கும்போதே வகுப்பு அடங்கிவிடும். அப்பா உள்ளே நுழையும்போது ஐம்பது பையன்களும் புத்தர் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பிரம்புச் செலவு மிச்சம்.

புல்லட் நம்ம ஊர்ச் சரக்கு என்று அப்பா அடித்துச் சொல்வார். பாதி உண்மை. பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். எல்லையில் ரோந்து போக நம் ராணுவம் அதை வாங்கப்போய், 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பமானது. திருவொற்றியூரில் வண்டி தயாராயிற்று. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் மூடவில்லை. "பெத்தவன் கைவிட்டாலும் வளத்தவன் கைவிடலை பாத்தியா?" என்பார் அப்பா, ஏதோ அவரே தத்து எடுத்த மாதிரி.

1991-ல் அந்த வண்டி புகைய ஆரம்பித்தது. தெருவுக்குள் நுழைந்தால் கொசு மருந்து அடிக்கும் வண்டி என்று நினைத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். அப்பா பி.எஃப்.பில் கடன் போட்டார். இன்ஜினை முழுசாகப் பிரித்து, போர் பண்ணி, புது பிஸ்டன், புது பிக் எண்ட் புஷ் எல்லாம் போட்டு, வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கே வண்டியைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

வேலையைப் பசுமலைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம். பேர் வேண்டாம், காரணம் போகப் போகப் புரியும். 'மெக்கானிக் அண்ணன்' என்றே வைத்துக்கொள்வோம். வேப்பமரத்தடியில் பட்டறை. கழற்றிய பாகங்களையெல்லாம் எவர்சில்வர் தட்டுகளில் வரிசையாக வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடியிருப்பார். பார்த்தால் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரம் வைத்த மாதிரி இருக்கும். அவசரப்பட மாட்டார். "அவுக்க ஒரு நாளு, கழுவ ரெண்டு நாளு, மாட்ட மூணு நாளு. அதுக்குள்ள வேணும்னா வேற ஆளப் பாருங்க" என்பது அவருடைய விலைப்பட்டியலின் முதல் வரி.

இந்த இடத்தில் என் தாய்மாமா நுழைகிறார். சட்டைப் பையில் பஞ்சாங்கம், கையில் எச்.எம்.டி. வாட்ச்.

"புது இன்ஜின்னா புது ஜென்மம். மொத ஸ்டார்ட்டு முருகன் சன்னதி முன்னாடிதான். வெள்ளிக்கிழமை ஒம்பதே காலுலேருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள சத்தம் கேக்கணும்."

திருப்பரங்குன்றத்தில் ஒரு முகூர்த்த நாளில் நீங்கள் மாட்டியிருந்தால் தெரியும். முருகன் தெய்வானையைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஊர் என்பதால், சுற்றுவட்டாரக் கல்யாணமெல்லாம் அங்கேதான். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படி. நாலு நாதஸ்வரம் நாலு ராகத்தில் வாசித்துக்கொண்டிருக்க, எட்டு மாப்பிள்ளைகள் தங்கள் கூட்டம் எது என்று தேடிக்கொண்டிருக்க, நடுவே ஒரு மினி லாரியில் மாலை போட்டு எங்கள் புல்லட் வந்து இறங்கியது. அதையும் யாரோ மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்துப் பன்னீர் தெளித்துவிட்டார்கள்.

மெக்கானிக் அண்ணன் பின்னாலேயே வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, காலையிலதான் இன்ஜினை ஏத்தி மாட்டுனேன். ஆயில் ஊத்திட்டேன். ஆனா ஏத்தலை. ஆயில் ஊத்துறது வேற, ஏத்துறது வேற. ஒரு முக்கா மணி நேரம் குடுங்க. பிளக்கைக் கழட்டிட்டு, ஃபில்டருக்குள்ள ஆயிலை ரொப்பிட்டு, மெதுவா உதைச்சு மேல வருதான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுவோம்."

மணி பத்து. மாமா வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பா அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போயிருந்தார்.

எனக்கு அப்போது வயசு இருபத்து நாலு. முருகனே வந்து 'கொஞ்சம் பொறுடா' என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் சொன்னேன்:

"அண்ணே, ஓடுறப்ப தானா ஏறிக்கும்ணே. சாவியக் குடுங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

பத்து பதினொன்றுக்கு முதல் உதை. ஐந்தாவது உதையில் 'டப்!' எலுமிச்சம்பழம் நசுங்கியது. கூட்டம் கை தட்டியது. நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். விபூதியோடு வந்த அப்பா பின்னால் ஏறிக்கொண்டார். திருநகர் தாண்டும்போது அடிவயிற்றில் 'கட கட' என்று ஒரு சத்தம். புது இன்ஜின், இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தனக்கன்குளம் பக்கம் வண்டி ஒரு செருமல் செருமிச் சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடித்துவிட்டதால் நாங்கள் விழவில்லை. இன்ஜின் விழுந்துவிட்டது.

நூற்று அறுபது கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி. அப்பாவும் நானும் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மாலை மட்டும் வாடாமல் இருந்தது.

★ ★ ★

மெக்கானிக் அண்ணன் வந்து, காசு கேட்காமல், இன்ஜினைத் திறந்து காட்டினார். பிக் எண்ட் புஷ்ஷில் பூசியிருந்த வெள்ளை உலோகம் உருகி வழிந்து கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அப்பா என்னைக் கேட்டார்: "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த ஆளு ஏதாச்சும் சொன்னாரா?"

இப்போது வருகிறது அந்த ஒப்புதல்.

நான் சொன்ன பதில்: "ஒண்ணும் சொல்லலையேப்பா."

ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையை மாமா கையில் எடுத்துக்கொண்டார். "கைராசி இல்லாத ஆளுகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். வாத்தியார் வீட்டு வண்டியே போச்சாம் என்று ஊர் சொல்லிற்று. அப்பாவும் கூலியில் பாக்கி முந்நூற்று ஐம்பது ரூபாயைக் கொடுக்கவில்லை. ஒரு மெக்கானிக்குக் கைராசி இல்லை என்று பேராகிவிட்டால் அப்புறம் பட்டறையில் வேப்பம்பழம்தான் விழும். இரண்டு வருஷத்தில் அவர் கடையை எடுத்துவிட்டுத் திருமங்கலத்தில் யாரிடமோ டீசல் இன்ஜின் வேலைக்குப் போய்விட்டார். என் பொய்யினால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

மறுபடி பி.எஃப்.பில் போடக் கடன் இல்லை. புல்லட் பின்கட்டில் தார்ப்பாய்க்குள் போயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றது. அதன் மேல் என் மனைவி வற்றல் காயவைத்தாள். சீட்டில் ஒரு கோழி மூன்று தலைமுறை வளர்த்தது.

★ ★ ★

இப்போது கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், அடிபம்பு தெரிந்தால் போதும.

பழைய வீடுகளில் அடிபம்பு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து அடித்தால் 'ஹெக் ஹெக்' என்று விக்கும். தண்ணீர் வராது. உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியாகக் காற்றுதான் போய்வரும். பாட்டி என்ன செய்வாள்? ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றி அடிப்பாள். வாஷர் நனைந்து ஊறி, இடுக்கு அடைபட்டு, தண்ணீர் குபுகுபுவென்று ஏறிவரும். ஒரு குடம் வாங்க வேண்டுமானால் முதலில் ஒரு செம்பு கொடுக்க வேண்டும். வயல் மோட்டாரிலும் இதே கதைதான். அடிவால்வு ஒழுகினால் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகே ஸ்விட்சைப் போடுவார்கள். சில பேர் சாணியைக் கரைத்து ஊற்றி ஒழுகலை அடைப்பார்கள்.

இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் பம்பும் இந்த ஜாதிதான். பெரும்பாலான இன்ஜின்களில் அது இரண்டு பல் சக்கரம். பழைய புல்லட்டில் குட்டி பிஸ்டன் மாதிரி ஆடுகிற பம்ப் இரண்டு. ஒன்று ஆயிலை அனுப்ப, ஒன்று கீழே வடிந்ததைத் திரும்ப எடுக்க. புதுசாகப் பூட்டிய பம்ப் உலர்ந்திருந்தால் ஆயிலைப் பிடிக்காமல் காற்றையே மென்றுகொண்டிருக்கும். போதாததற்கு ஃபில்டர் அறை காலி. பம்ப் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் கிராங்குக்கு ஆயில் அனுப்பும். அதுவரை கிராங்க் பட்டினி.

பட்டினி கிடந்தால் என்ன என்று கேட்பீர்கள். 1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற இன்ஜினியர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடலாம் என்று பேரிங்கின் தலையில் ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக ஓட்டை வழியே மேலே வந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்தது. பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு இருநூறு பவுண்டைத் தாண்டி முள் ஓடுகிறது. நம் கார் டயரில் இருப்பது முப்பது பவுண்டு சொச்சம்!

விஷயம் இதுதான்: சுற்றுகிற அச்சு, ஆயிலைத் தனக்கு அடியில் ஆப்பு மாதிரி இழுத்துக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது. இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. இதற்குக் கணக்கை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். அந்த ஆயில் ஏட்டின் கனம் சில மைக்ரான். நம் தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் (என் தலையில் மிச்சம் இருப்பதை அளந்து சொல்லவில்லை).

பழைய புல்லட்டின் பிக் எண்டில் உருளை பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான். அந்த மெல்லிய ஆயில் ஏட்டை நம்பி உயிர் வாழ்வது. ஆயில் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணி நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று என்று வைத்தால், முதல் அரை நிமிஷத்திலேயே ஐந்நூறு தடவை இரும்பு இரும்பைத் தேய்த்தாயிற்று. நானோ முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். தனக்கன்குளம் வரை ஓடியதே முருகன் புண்ணியம்.

★ ★ ★

திருப்பரங்குன்றத்தில் 1957-லிருந்து தியாகராசர் பொறியியல் கல்லூரி இருப்பதால் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு இன்ஜினியர் உண்டு. என் வீட்டிலும் ஒன்று முளைத்தது. என் மகள். மெக்கானிக்கல் படித்தவள். ஒரு லீவில் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இதை ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"கைராசி இல்லம்மா" என்றேன். பழக்க தோஷம்.

அவள் விடவில்லை. அந்தக் காலத்து இரும்பு இன்ஜினுக்கு இன்னும் பாகங்கள் கிடைக்கின்றன என்றாள். ஆறு மாசம் லீவு நாளெல்லாம் கிரீஸும் கையுமாக இருந்தாள். என் மனைவி, "பொம்பளப் பிள்ளை கையில மருதாணி இருக்கும்னு பாத்தா, கறுப்பு ஆயில் இருக்கு" என்று புலம்பிக்கொண்டே சோப்பு வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் மகள் சொன்னாள்: "இதை முதல்ல பிரிச்ச மெக்கானிக் யாரோ அவரைக் கூட்டிட்டு வாங்கப்பா. கூட இருந்து ஒரு தடவை பாத்துட்டா எனக்குத் தைரியம்."

எனக்கு வயிற்றில் 'கட கட' என்றது. 1991-ல் கேட்ட அதே சத்தம்.

திருமங்கலத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். கை லேசாக நடுங்குகிறது. வர மாட்டார் என்று நினைத்தேன். "வாத்தியார் வண்டியா? வாரேன்" என்றார்.

என் மனைவி காலண்டரைப் பார்த்து நாள் குறித்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெள்ளிக்கிழமை. ஒன்பதே கால் முதல் பத்தே கால்.

இந்தத் தடவை கோயில் வாசலில் அல்ல, வீட்டு வாசலில். அப்பா, வயசு எண்பத்து நாலு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் மெக்கானிக் அண்ணன். இருவரும் "சௌக்கியமா சார்", "சௌக்கியம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மகள் ஒவ்வொரு வேலையாகச் செய்ய, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டைமிங் கவரை மூடுவதற்கு முந்தியே, ஆயில் கேனின் மூக்கைக் கிராங்க் முனையில் இருக்கும் துவாரத்தில் வைத்து, பிக் எண்ட் ஓரத்தில் ஆயில் கசிகிற வரை அழுத்தியிருந்தாள். பம்பை ஆயிலில் குளிப்பாட்டித்தான் மாட்டியிருந்தாள். இப்போது ஃபில்டர் அறையை நிரப்பினாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். தலைக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தாள்.

"இப்ப உதை தாயி. சாவி போடாத. மெதுவா" என்றார் அவர்.

ஒன்று, இரண்டு, மூன்று...

அவள் உதைத்துக்கொண்டிருக்கட்டும். நூறு உதை ஆகும். அதற்குள் உங்களுக்கு ஒன்றிரண்டு சேதி.

இது புல்லட்டின் மூட நம்பிக்கை இல்லை. கப்பல் இன்ஜின், ஆஸ்பத்திரி, ஆலைகளில் இருக்கும் பெரிய ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. அவற்றில் பலவற்றில் தனியாக ஒரு மின்சாரப் பம்ப் முதலில் ஓடி, ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் இன்ஜின் கிளம்பும். அமெரிக்காவில் பழைய செவர்லே எட்டு சிலிண்டர் இன்ஜினைப் புதுப்பித்தால், டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக மின்சாரத் துரப்பணத்தால் ஆயில் பம்பைச் சுற்றுவார்கள். ரோவர் எட்டு சிலிண்டர் இன்ஜின் இன்னும் வேடிக்கை. அதன் பம்புக்குள் வாஸலைனை அப்பி மூடுவார்கள். பல்லிடுக்கை அடைத்து ஆயிலை இழுத்துக் கொடுத்துவிட்டு, சூட்டில் கரைந்து போய்விடும். பனிக்காலத்தில் உதட்டுக்கு, மற்ற காலத்தில் ஆயில் பம்புக்கு!

"நான் இன்ஜினையெல்லாம் பிரிக்கிறவன் இல்லை சார், ஆபீஸ் போகிறவன்" என்பவர்களுக்கும் உண்டு. தினமும் ஓடுகிற வண்டியில் நேற்றைய ஆயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், பம்பும் நனைந்தே இருக்கும். இந்த உபசாரமெல்லாம் வேண்டாம். ஆனால் ஸ்டார்ட் பண்ணிய மறு விநாடியே முறுக்காதீர்கள். காரில் சிவப்பாக ஒரு ஆயில் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு நகருங்கள். சில விநாடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். 'கொஞ்ச தூரம் போய்ப் பாப்போம்' என்று போனவர்களுக்கெல்லாம் ஒரு தனக்கன்குளம் காத்திருக்கிறது. ஆயில் ஃபில்டரை மாற்றுகிற நாளில், நேராக நிற்கிற ஃபில்டராக இருந்தால் அதற்குள் கொஞ்சம் ஆயிலை ஊற்றி மாட்டச் சொல்லுங்கள். மாசக் கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது மெக்கானிக் 'அரை மணி நேரம் ஆகும்' என்றால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

...அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. சொட்டு வரவில்லை.

"மணி பத்து" என்றாள் என் மனைவி.

மெக்கானிக் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. மகளும் பார்க்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு. மகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எழுந்து போய், ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு மூடினார்.

"பத்தே கால்" என்றாள் மனைவி. குரலில் சின்ன நடுக்கம். அப்புறம், "பத்தரை. ராகு காலம் பொறந்துருச்சுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் நான் 'சாவியக் குடுங்க' என்றேன்.

"பொறக்கட்டும்" என்றேன். "ஆயில் ஏறட்டும்."

அப்பா நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். வாய் திறந்துவிட்டது, மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிற்று.

"அப்பா, அன்னிக்கு நீங்க கேட்டீங்கள்ல, அண்ணன் ஏதாச்சும் சொன்னாரான்னு? சொன்னாருப்பா. முக்கா மணி நேரம் கேட்டாரு. நான்தான் குடுக்கலை. உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரை யாரும் பேசவில்லை.

நான் மெக்கானிக் அண்ணன் பக்கம் திரும்பினேன். "மன்னிச்சுருங்கண்ணே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பத்திரிகையில் வாராவாரம் இத்தனை பக்கம் எழுதுகிறவனுக்கு!

அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ இளவட்டம் தம்பி, கேட்ட. தெரிஞ்சவன் நான். சாவியக் குடுத்திருக்கக் கூடாது. சாமி முன்னாடி, அத்தனை பேரு முன்னாடி எப்படி மாட்டேங்கிறதுன்னு குடுத்துட்டேன். அப்புறம் எத்தனை வண்டிக்கு 'இன்னும் ஆயில் ஏறலை'ன்னு சாவியப் பையில போட்டுக்கிட்டு உக்காந்தேன் தெரியுமா? கோவிச்சுக்கிட்டுப் போனவன் உண்டு. ஆனா வண்டி ஒண்ணும் பிடிச்சுக்கலை."

அப்பா எழுந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று பார்த்தேன். மெதுவாக உள்ளே போய்விட்டார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா! இங்க பாருங்க!"

மகள் கத்தினாள். தளர்த்திய போல்ட்டின் ஓரத்தில் ஒரு குமிழ். காற்று. அடுத்து இன்னொரு குமிழ். பிறகு தேன் மாதிரி ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, யோசித்து, கீழே இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று.

மெக்கானிக் அண்ணன் அதை விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். "ஏறிருச்சு. போல்ட்டை முறுக்கிட்டு பிளக்கை மாட்டு தாயி."

"ராகு காலம்..." என்றாள் என் மனைவி கடைசி முயற்சியாக.

"ஆயில் ஏறுன நேரந்தான்மா இன்ஜினுக்கு நல்ல நேரம்."

பதினொன்று ஐந்து. ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி, மகள் ஒரே உதை. 'டப்'. ஒரு இடைவெளி. 'டப்... டப்... டப்...' யாரும் கை தட்டவில்லை. அவள் முறுக்கவில்லை. ஆயில் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினாள். உள்ளே சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற ஆயில் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். அப்பாவிடம் படித்தவர். சத்தம் கேட்டதும் அனிச்சையாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அப்பா வெளியே வந்தார். ஒரு கையில் 1991-ஆம் வருஷத்து டைரி, இன்னொரு கையில் ரூபாய் நோட்டுகள். வண்டியைப் பார்க்கவில்லை. நேராக மெக்கானிக் அண்ணனிடம் போனார்.

"பாக்கி முந்நூத்தம்பது. எழுதி வச்சிருக்கேன். கணக்கு தப்பாயிட்டா விடை எழுதுன எடத்துல தேடக்கூடாது, மொத வரியில தேடணும்னு பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன். நானே தேடலை. இது அசல். கூட்டு வட்டி போட்டுக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் பொறுங்க..."

கண்ணை மூடி உதட்டை அசைத்து, உண்மையாகவே போட ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக் அண்ணன் நோட்டுகளிலிருந்து முந்நூற்று ஐம்பதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார். "வட்டி வேணாம் சார். வட்டிக்குப் பதிலா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

மகள் வண்டியை எடுத்தாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். பரங்குன்றம் கோயில் வரை போய் வந்தார்கள்.

திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் வாட்சைப் பார்க்கவில்லை.